வதந்தியை நம்பி முதலை முடக்கலாமா?

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு வியாபாரத்தைப் பாருங்கள். புது மாடல் வருமுன்பே விலை பற்றிய வதந்தி கிளம்பிவிடுகிறது. 2022 செப்டம்பரில் என்விடியா நிறுவனம் 4080 வரிசையில் 12 ஜிபி கார்டை 899 டாலர் என அறிவித்தது. பெயர் குழப்புகிறதென்று அக்டோபரிலேயே அதைத் திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது.

அறிவித்த விலையே நிற்காதபோது, வதந்தி விலை நிற்குமா? புதுச்சரக்கு மலிவாக வந்தால், பழைய இருப்பு வைத்திருப்பவர்தான் நட்டப்பட வேண்டும்.

துவரம்பருப்பானாலும், மிளகாயானாலும் நமக்கும் இதுவே பாடம். "விலை ஏறப்போகிறது" என்ற பேச்சை நம்பி, வட்டிக்கு வாங்கிச் சரக்கைக் குவிக்க வேண்டாம். இருப்பு பார்த்து, விற்பனைக்கேற்பக் கொள்முதல் செய்வோம். சிறு வணிகருக்கு முதலே உயிர் என்பதை மறவோம்.