மன்னரும் புரட்சியாளரும் அஞ்சிய பேனா

ஊழல் மன்னனைத் துரத்தினோம் என்று மார்தட்டிய எகிப்தியப் புரட்சியாளர், அவ்வாட்சியின் ஊழலை அம்பலப்படுத்திய பத்திரிகையாளரையே பின்னர் சிறையில் அடைத்தனர். இஹ்சான் அப்துல் குத்தூஸ் என்பது அவர் பெயர். அரபு மக்கள் அவரை நாவலாசிரியராகவே பெரிதும் அறிவர். அப்புகழில் அவரது பத்திரிகைப் பணி மறைந்துபோதல் நீதியன்று.

1919இல் பிறந்து சட்டம் பயின்ற இஹ்சானுக்கு இத்தொழில் தாய்வழிச் சொத்து. நாடக நடிகையாயிருந்த அன்னை பாத்திமா அல்-யூசுப் 1925இல் கெய்ரோவில் நிறுவிய ‘றோஸ் அல்-யூசுப்’ இதழே அவரது களம். பிரித்தானிய ஸ்தானிகர் கில்லேர்ண் பிரபு நாட்டைவிட்டு வெளியேறவேண்டுமென 1945இல் எழுதிச் சிறை சென்றார். மீண்டு வந்தவரிடம் ஆசிரியப் பொறுப்பை ஒப்படைத்தார் அன்னை. இதனினும் மேலான தகுதிப் பத்திரம் வேறு உண்டோ!

1948ஆம் ஆண்டுப் பலஸ்தீனப் போரின்போது ஐக்கிய நாடுகள் சபை ஆயுதத் தடை விதித்திருந்தது. ஆகவே, உலகப் போரில் எஞ்சிய தளபாடங்களை எகிப்து தரகர் வாயிலாக ஐரோப்பாவில் வாங்கிற்று. அவசரக் கொள்வனவு, அதிலே தரகுக்கும் இலாபத்திற்கும் இடம் ஏராளம். போர்முனை சென்ற வீரருட் பெரும்பாலோரோ ஏழை உழவரின் மைந்தர். பழுதான ஆயுதங்கள் அவர் கையில் திணிக்கப்பட்டன என்று 1950இல் இஹ்சான் தொடர்ந்து எழுதினார். அரண்மனையின் அணுக்கத்தார்மீதும் ஐயம் படர்ந்தது. அரசாங்கம் விசாரணைக்கு இணங்க நேர்ந்தது.

ஒன்றை ஒளியாது கூறவேண்டும். பழுதான ஆயுதங்களே தோல்விக்குக் காரணம் என்ற பேச்சு மிகையானது. பயிற்சிக் குறைவும் திட்டமின்மையுமே பெருங் காரணங்கள் என்பர் வரலாற்றாசிரியர் பலர். நீதிமன்றமும் 1953இல் குற்றஞ்சாட்டப்பட்டோருட் பெரும்பாலாரை விடுவித்தது. அதனால், பொதுப்பணம் எவர் பைக்குள் சென்றது என்று கேட்டதே தவறாகிவிடுமா? அக்கேள்வி எழுந்திராவிடின் விசாரணையே நடந்திராது.

1952 யூலையில் பாரூக் மன்னர் முடிதுறந்தார். அவரை வீழ்த்திய இராணுவ அதிகாரிகளுக்கு இஹ்சான் வேண்டியவரே. எனினும் 1954இல், எகிப்தை ஆள்வது ஓர் இரகசியச் சங்கம் என எழுதினார். நட்பு அவரைக் காக்கவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் இராணுவச் சிறையில் கிடந்தார். விடுதலையானபின் நாசர் அவரை உணவருந்த அழைத்தாராம்! விருந்தால் ஆறும் காயமா அது?

1960இல் வந்த சட்டம் எகிப்தின் பெரும் பத்திரிகைகளைத் தனியாரிடமிருந்து பறித்தது. ‘றோஸ் அல்-யூசுப்’ இதழும் தப்பவில்லை. இஹ்சான் 1990வரை வாழ்ந்து, அதன்பின்னும் எழுதினார். அன்னையோ தமது இதழ் கைமாறியதைக் காணவில்லை, 1958இலேயே மறைந்துவிட்டார்.