சிவக்கும் இலையின் செலவுக் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள வெர்மான்ட் மாகாணத்தில், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையில், மேப்பிள் மரங்கள் மலைச்சரிவு முழுவதையும் மஞ்சளும் ஆரஞ்சும் செம்மையுமாக மாற்றிவிடுகிற காட்சியைக் காண்பதற்கென்றே தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் திரள்வது வழக்கம். அந்த வர்ண விசித்திரத்துக்குக் காரணம் கேட்டால், பச்சையம் அழிகிறது, மறைந்திருந்த நிறங்கள் வெளிப்படுகின்றன என்று, பள்ளிக்கூடத்தில் பாடமான வாக்கியத்தைப் பலரும் ஒப்பிப்பார்கள். மஞ்சளைப் பொறுத்தமட்டில் அது சரிதான். சிவப்புக்கு அது பொருந்தாது. பாதி உண்மையை முழு உண்மையாகப் போதித்துவிட்டு, மிச்சப் பாதியில் இருக்கிற ரசமான விவாதத்தை மாணாக்கரின் காதில் விழாமல் செய்வது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

பகற்பொழுது குறுகிக் குளிர் நெருங்கும்போது மரம் இலையை அப்படியே உதறிவிடுவதில்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர் சுவரில் அடித்த ஆணியைக்கூட விடாமல் பிடுங்கிக்கொள்வதுபோல, இலையிலுள்ள புரதங்களைச் சிதைத்து, அவற்றிலிருந்த நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதியைக் கிளைக்கும் தண்டுக்கும் அனுப்பிச் சேமித்த பிறகே அது காம்பின் அடியில் பிரிவுக்கான திசு அடுக்கை முற்றுவிக்கிறது. அதற்கிடையில் பச்சையம் நிறமற்ற பொருள்களாகச் சிதைந்துபோக, கோடை முழுதும் அதன் கீழ் அடங்கியிருந்த கரோட்டினாய்டு நிறமிகள் கண்ணுக்குப் புலனாகின்றன. பிர்ச் மரத்தின் பொன்னிறம் இவ்வளவில் விளங்கிவிடும்.

சிவப்பின் விஷயமோ வேறு. அதற்கு மூலமான ஆந்தோசயனின் என்ற நிறமி மேப்பிளின் கோடை இலையில் ஒளிந்திருந்ததன்று. உதிரப்போகிற தறுவாயில், கைவசமுள்ள சர்க்கரையைச் செலவழித்து, இலை அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்த ஆண்டுகளில் செம்மை மிகுவது இதனால்தான். (நம் மாந்தளிரின் செம்மையும் இதே வகை நிறமியால் உண்டாவதே, பிறந்த இலையும் பிரியும் இலையும் ஒரே சாயத்தை நாடுவது யோசிக்கத்தக்கது.) சில வாரங்களில் மண்ணில் விழப்போகிற ஓர் உறுப்பின்மீது, சிக்கனமே உருவான மரம் இத்தனை செலவு செய்வானேன்?

பரிணாம சாஸ்திரத்தில் பெரும்பெயர் பெற்ற வில்லியம் ஹாமில்டன், சாமுவேல் பிரவுனோடு சேர்ந்து எழுதி, தாம் காலமான மறு ஆண்டில், 2001-இல், வெளிவந்த கட்டுரையில் துணிச்சலான ஒரு விடையை முன்வைத்தார்: இலையுதிர் காலத்தில் முட்டையிட இடம் தேடும் அசுவினி போன்ற பூச்சிகளுக்கு, 'நான் தற்காப்பில் வலுவுள்ளவன், என்னிடம் வாராதே' என்று மரம் விடுக்கும் எச்சரிக்கையே அந்த நிறம் என்பது அவர் வாதம். அழகான கற்பனைதான்; ஆனால் அசுவினியின் கண்ணில் சிவப்பை நேரடியாக உணரும் ஏற்பி இல்லை என்பது அதற்கு எதிரே நிற்கிற சங்கடம். பசுமை குன்றிய இலை அதன் கண்ணுக்குக் கவர்ச்சியற்றுத் தோன்றலாமே என்று ஹாமில்டன் கட்சியார் சமாதானம் சொல்வார்கள்.

நான் சாய்வது மற்றொரு கட்சியின் பக்கம். ஒளியைப் பயன்படுத்தும் யந்திரம் கழற்றப்படும் வேளையில் அளவு மீறிய வெயில் இலைக்கு நஞ்சாகிறது. சிவப்பு நிறமி அதைத் தடுத்து, நைட்ரஜனை மீட்கிற வேலை தடையின்றி முடிய அவகாசம் தருகிறது என்பது இவர்கள் கொள்கை. 2003-இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள், அந்த நிறமியை உண்டாக்கும் திறனிழந்த செடிகளையும் இயல்பான செடிகளையும் மிகுந்த ஒளியில் வைத்து ஒப்பிட்டபோது, முன்னவை நைட்ரஜனைக் குறைவாகவே மீட்டன.

அப்படியானால் வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் இத்தனை மர இனங்கள் சிவக்க, ஐரோப்பியக் காடுகள் பெரும்பாலும் மஞ்சளோடு நின்றுவிடுவானேன்? கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடர், பனியூழிக் காலத்தில் தெற்கே பின்வாங்க விடாமல் மரங்களோடு அவற்றின் பூச்சிகளையும் மாய்த்ததால், எச்சரிக்க வேண்டிய அவசியமே பின்னர் இல்லாமற்போயிற்று என்று 2009-இல் லெவ்-யாதுன், ஹோலோப்பைனன் இருவரும் எழுதினார்கள். 2019-இல் ரென்னரும் சோனரும், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஐரோப்பாவைவிட அதிக வெயில் பெறுவதையே காரணமாகக் காட்டினார்கள். ஒரே பூகோள வேறுபாட்டிலிருந்து ஒரு சாரார் பூச்சியையும் மற்றொரு சாரார் சூரியனையும் எடுத்து வருகிறார்கள்; இரண்டையும் பாடப்புத்தகத்தில் அருகருகே அச்சிடுவதற்கு ஒரு பக்கம் போதும்.