கட்டைவிரல் கணக்கு

மலைமேல் இருக்கும் சோளக்காடு சந்தையில் வாழைத்தார்களுக்கு நடுவே, முதியோர் பணம் எடுக்க வந்த ஒரு பாட்டி கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்துக் கருவியில் வைத்தார். நாலாவது தடவைதான் ரேகை விழுந்தது. மிளகு பறித்தே தேய்ந்த விரல். மாதம் 1,200 ரூபாய்; 2023இல் 200 கூட்டியது மாநில அரசு. இதற்கெல்லாம் நிதி எங்கே என்று கீழே நகரத்தில் கேட்கிறோம், கேட்கலாம். ஆனால் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 2007இல் இருந்த அதே 200தான். அரசு ஓய்வூதியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி ஏறுகிறது (நியாயம்தான், நானும் வாங்குகிறேன்). அந்தப் படி மட்டும் 70 கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மேலே வருவதில்லை. பாட்டி நோட்டுகளை இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். நேரே போனது மருந்துக்கடைக்கு.