வீட்டில் ஓடிப் பாராத கட்டளை

குஷாய்குடாவை ஒட்டியுள்ள இசிஐஎல் நிறுவனம் 1967இல் தொடங்கப்பட்டது. டிடிசி-12, டிடிசி-316 ஆகிய கணிப்பொறிகள் அங்கே ஆக்கப்பட்டவை. இயந்திர நேரம் அரிதாயிருந்த அக்காலத்தில், நிரலைத் தாளில் ஒருமுறை நடத்திப் பார்த்த பின்பே இயந்திரத்திடம் கொண்டுசெல்வர்.

இன்று ஆய்வு மாணவரின் கிட் வரலாற்றைத் திறந்தால் ‘திருத்தம்’, ‘மீண்டும் திருத்தம்’, ‘இதுதான் கடைசி’ என்று பன்னிரண்டு பதிவுகள் வரிசையாக நிற்கின்றன. தானியங்கிக் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றுவது, தொலைவிலுள்ள கிட்ஹப் இயந்திரத்துக்கு அனுப்புவது, பத்து நிமிடம் காத்திருப்பது, சிவப்புக் குறியைக் கண்டு மறுபடி மாற்றுவது. இதைப் பிழைதிருத்தம் என்பது மிகை. குருட்டாம்போக்கு என்பதே பொருந்தும்.

பைத்தான் பதிப்பை மேற்கோள் குறியின்றி 3.10 என்று எழுதினால், யாம்ல் அதைத் தசம எண்ணாகக் கொண்டு 3.1 ஆக்கிவிடும். கோப்பைத் தம் கணினியிலேயே ஒரு வாசிப்பியில் இட்டால் நொடியில் புலப்படும் பிழை இது. இதற்காக ஒரு மாலைப்பொழுதை இழந்தோர் பலர்.

டாக்கரின் துணையால் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் கோப்புகளை உள்ளூரிலேயே ஓட்டும் ‘ஆக்ட்’ என்னும் கருவி உண்டு. பயனுள்ளதுதான், ஆயினும் அதன் கொள்கலன் தொலை இயந்திரத்தின் முழு நகலன்று. அனுமதிகள், மறைகுறிகள் சார்ந்த பிழைகள் அங்கே சென்றபின்பே தலைகாட்டக்கூடும். ஆகவே கருவியைக் காட்டிலும் அமைப்பே முதன்மை. தொகுத்தல், சோதித்தல் ஆகிய உண்மையான வேலைகள் ஒரு ஷெல் நிரலிலோ மேக் கோப்பிலோ இருக்கட்டும். யாம்ல் அதனை அழைக்கும் ஓரிரு வரிகளோடு நிற்கட்டும். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் எழுதிய மேக், கட்டளைகளை ஓட்டாமலே அச்சிட்டுக் காட்டவும் வல்லது.

உள்ளூரில் ஓடியது என்பதும் முழுச் சான்றாகாது. நெடுநாள் பழகிய கணினியில், களஞ்சியத்தில் சேர்க்க மறந்த தரவுக் கோப்பும் என்றோ நிறுவிய நூலகமும் ஓசையின்றித் துணைநிற்கும். களஞ்சியத்தை வெற்று அடைவில் புதிதாக நகலெடுத்து, வெற்றுக் கொள்கலனுக்குள் ஓட்டிப் பார்ப்பதே சோதனை.

டிராவிஸ் சிஐயின் திறமூலத் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது. அதன் கோப்பிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்தோர், முடிந்துபோன ஆய்வேட்டின் கணக்கீடுகளை மீண்டும் ஓட்டுவதற்கு அவ்வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெழுத வேண்டியதாயிற்று. தனி நிரலாக வைத்திருந்தோர்க்கு அழைக்கும் வரி மட்டுமே மாறியது.