ஆறு காரணம், ஒரே தரகு

கூடுவாஞ்சேரியில் வீடு வாங்க ஆறு காரணங்கள் உண்டென்று சென்ற இதழில் எழுதிய நண்பர், ஏழாவது காரணத்தையும் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்: அவருக்கு அங்கே இரண்டு மனைகள் இருக்கின்றன. குடியிருப்பதோ மயிலாப்பூரில். கபாலீசுவரர் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருந்துகொண்டு, தாம்பரத்துக்கு அப்பால் போய் நிம்மதியாக வாழுங்கள் என்று ஊருக்கு உபதேசிப்பவரின் நோக்கத்தை வாசகர் தாமே ஊகித்துக்கொள்வார். ஆளை விட்டு வாதத்தைப் பார்ப்பதுதான் முறை என்பதால் வாதத்துக்கே வருகிறேன்.

வாடகை தண்டம், மாதத் தவணை சேமிப்பு என்பது அவருடைய முதல் காரணம். 50 லட்ச ரூபாய் அடுக்ககம், கைக்காசு 10 லட்சம், மீதி 40 லட்சம் வங்கிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி எட்டரை விழுக்காடு, காலம் 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய் வரும். முதல் மாதத் தவணையில் 28,300 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது சுமார் 6,400. இருபதாண்டு முடியும்போது வட்டி மட்டும் 43 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதே குடியிருப்பில் பக்கத்து வீடு 13,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குமானால், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 13,000 தண்டம், வங்கிக்குக் கொடுக்கும் 28,300 சேமிப்பு என்பது எந்த ஊர்க் கணக்கு? வரிச்சலுகை இருக்கிறதே என்கிறார். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு தருவது பழைய வரிமுறை. இப்போது கேட்காமலே வந்து சேரும் புதிய முறையில் அது கிடையாது. பொருளாதாரம் எழுத வந்தவர் இதைக்கூடவா பார்க்கவில்லை, பார்த்தும் சொல்லவில்லையா?

இரண்டாவது காரணம், நிலத்தின் விலை இறங்கவே இறங்காது என்னும் வேதவாக்கு. அடுக்ககம் வாங்குகிறவனுக்குப் பத்திரத்தில் கிடைப்பது நிலத்தின் பிரிபடாத பங்குதான். மீதியெல்லாம் ஆண்டுக்காண்டு மூப்படையும் சிமென்ட்டும் கம்பியும். மனைக்குச் சொல்லும் நியாயத்தை அடுக்ககத்துக்கு நீட்டும் இந்தச் சாமர்த்தியத்தைத் தரகர்கள் நன்கறிவார்கள். கட்டுரையாளர்களும் கற்றுக்கொண்டார்கள் போலும். சரி, மனையே ஆகட்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, மகள் திருமணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனையை மாதக்கணக்கில் விற்க முடியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர்? விலை இறங்கவில்லைதான்; வாங்கத்தான் ஆளில்லை, ஆள் இருந்தாலும் பதிவு இல்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு என்ற நான்கு சொற்களில் ஒன்றுகூடத் தலைகாட்டாமல் வீடு வாங்க வழிகாட்டும் கட்டுரை ஒன்றை எழுதிவிடுவது சாதாரணக் காரியமல்ல.

பக்கத்திலேயே மறைமலைநகர்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஆகவே தேவை குறையாது என்றும் அங்கேயே சேர்த்துச் சொல்கிறார். அந்த மறைமலைநகரில்தான் ஃபோர்டு நிறுவனம் 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2022இல் ஆலையை நிறுத்தியது. ஆலை வருவதை விலையேற்றத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறவர், ஆலை போனதைக் குறுக்கு விசாரணைக்குக்கூட விடமாட்டாரா?

மூன்றாவது காரணத்தில் நண்பரின் கற்பனை சிறகு விரிக்கிறது. மின்சார ரயிலில் எழும்பூருக்கு ஒன்றேகால் மணி நேரந்தானாம். அந்த நேரத்தில் புத்தகம் படிக்கலாமாம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, வண்டிக்குக் காத்திருப்பு, இறங்கியபின் அலுவலகத்துக்கு இன்னொரு பேருந்து என்று கூட்டினால் ஒரு வழிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் என்பது தாராளமான மதிப்பீடல்ல. கடற்கரையிலிருந்து புறப்படும் வண்டிகளில் பெரும்பங்கு தாம்பரத்தோடு திரும்பிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. நாளுக்கு மூன்றரை மணி, மாதத்துக்கு 22 வேலைநாள் என்றால், ஆண்டுக்கு 924 மணி நேரம். இரவுபகல் சேர்த்து 38 நாளுக்கு மேல். தவணை கட்டி முடிவதற்குள் வாழ்நாளில் முழுதாக ஈராண்டு தண்டவாளத்துக்கும் நடைமேடைக்கும் போயிருக்கும். சதுர அடி மலிவு என்று அவர் சொல்வதெல்லாம், பத்திரத்தில் எழுதாத பாக்கியை உடம்பிலிருந்து வசூலிப்பதுதான். புத்தகமா? காலை எட்டு மணி வண்டியில் கம்பியைப் பிடிக்கத் தூக்கிய கையைத் தாம்பரம் தாண்டியபின் கீழே இறக்க இடமிருக்காது. பக்கத்தை எந்தக் கையால் புரட்டுவது?

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் மட்டும் பிரித்தே எழுதியிருக்கிறார். நான்காவது: ஏரிக்கரைக் காற்று, கிராமத்து அமைதி. ஐந்தாவது: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்துவிட்டது, மெட்ரோவும் வரப்போகிறது, விலை இரட்டிக்கும். ஐயா, விலை இரட்டிக்கும் ஊரில் அமைதி எப்படித் தங்கும்? அமைதி தங்கும் ஊரில் விலை எப்படி இரட்டிக்கும்? ஒரே மனையைக் குடியிருக்க வருகிறவனிடம் தோப்பு என்றும் முதலீடு செய்ய வருகிறவனிடம் சந்தை என்றும் காட்டுகிறார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலையாக இருக்க வேண்டும்.

அந்த ஏரிக்காற்றைப் பற்றியும் ஒரு சொல். செங்கல்பட்டுச் சீமை ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்தது காற்று வாங்குவதற்காக அல்ல. நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர் என்று ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து அடையாற்றை நோக்கி இறங்கும் ஏரிச் சங்கிலி அது. கலங்கலையும் வாய்க்காலையும் மனைப்பிரிவுக் கற்களால் அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் கண்டன. கோடையில் குடிநீர் லாரி, மழையில் மீட்புப் படகு, இடையில் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் அதற்கும் ஒரு லாரி: இதுவா கிராமத்து அமைதி?

முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபோது வாசலில் ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ 2016இல் விமான நிலையத்தை எட்டியது. அங்கிருந்து கிளாம்பாக்கத்துக்கு மனை விளம்பரங்களில் மட்டும் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வராத ரயிலுக்கு இன்றே விலைகொடுத்தால், வந்தபின் கிடைக்கும் இலாபம் வாங்கியவனுக்கா, விற்றவனுக்கா?

ஆறாவது காரணத்தில் எபனேசர் ஹோவர்டையே துணைக்கழைத்திருக்கிறார். தோட்ட நகரக் கனவு நம்மூரில் நனவாகிறதாம். ஹோவர்டின் 1898ஆம் ஆண்டுப் புத்தகத்தை அட்டையோடு நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். ஹோவர்ட் கண்ட நகரில் நிலம் பொதுவுடைமை. நிலமதிப்பு உயர்ந்தால் பலன் ஊருக்கு. வேலையும் அங்கேயே கிடைக்கவேண்டும். விடியலில் பெருநகருக்கு ஓடும் கூட்டத்தை உருவாக்குவதல்ல அவர் நோக்கம். இரண்டு மனை வாங்கிப்போட்டு விலையேறக் காத்திருக்கும் ஒருவர் ஹோவர்டின் பெயரை உச்சரிப்பது, கந்துவட்டிக்காரர் கடைச்சுவரில் வள்ளலார் படம் மாட்டுவதற்கு ஒப்பு.

புறநகரில் யாரும் வீடே வாங்கக் கூடாதென்பது என் கட்சியல்ல. பொத்தேரியில் பாடம் நடத்துகிறவருக்கும் மறைமலைநகரில் ஷிப்டுக்குப் போகிறவருக்கும் கூடுவாஞ்சேரியில் வீடு வாங்க வேலை அங்கே இருக்கிறது என்ற ஒரே காரணம் போதும். கட்டுரை படித்துத் தெளிய வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. நண்பரின் ஆறு காரணங்களில் அந்த ஒன்று மட்டும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வாழ்வதற்கென்று அவர் அடுக்கியவை எல்லாம் விற்பதற்கான காரணங்கள். விலை ஏற வேண்டுமானால் தமக்குப் பின்னால் இன்னொருவன் வந்தாக வேண்டும், அந்த இன்னொருவனுக்கு எழுதிய அழைப்பிதழைத்தான் சமூக அக்கறை என்ற உறையிலிட்டு அனுப்பியிருக்கிறார். அவ்வளவு உயர்ந்த ஊரென்றால், மயிலாப்பூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அந்த இரண்டு மனைகளில் ஒன்றில் முதலில் அவர் கடைக்கால் தோண்டட்டும்.