யாருடைய தலை? யாருடைய மயிர்?



கதைப் புத்தகங்களைப் பற்றி எழுத நமக்கு அதிக ஆசை கிடையாது. ஏனெனில் பெரும்பாலான கதைகளில் பெண்ணுக்கு மோட்சம் என்பது கடைசிப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை வந்து சேருவதுதான். ஆனால் நைஜீரியா தேசத்துச் சிமமாண்டா அடிச்சி அம்மையார் 2013-ல் வெளியிட்ட "அமெரிக்கானா" என்னும் நாவலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. அதிலும் கடைசியில் காதலன் வரத்தான் வருகிறான். அது கிடக்கட்டும். அவன் வருவதற்கு வெகு காலம் முன்பே அவள் தன் தலையைத் தானே மீட்டுக்கொண்டாள் என்பதுதான் நம் விஷயம்.

கதாநாயகி இஃபெமெலு லாகோஸ் நகரத்துப் பெண். அவள் தாயாருக்கு நீண்ட கூந்தல். ஒரு நாள் பக்தி முற்றி, அந்த அம்மாள் அதைத் தன் கையாலேயே கத்தரித்துத் தீயிலிட்டுக் கொளுத்திவிடுகிறாள். பிறகு ஒரு சபை போதாதென்று சபை சபையாக மாறுகிறாள். ஆக, தாயின் மயிருக்குக் கடவுள் எஜமானன் ஆனான்.

மகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறாள். தப்பினாளா? இல்லை. அங்கே எஜமானன் வேறு. உத்தியோகம் கேட்கப் போகுமுன் பின்னலை அவிழ்த்து, சுருண்ட மயிரை நேராக்கிக்கொள் என்று புத்தி சொல்லுகிறார்கள். மருந்தைத் தடவுகிறாள். மண்டைத்தோல் வெந்து புண்ணாகிறது. உத்தியோகம் கிடைத்தது; மயிர் உதிர்ந்தது!

"வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்தால் என்ன?" என்பார்கள் சிலர். அவள்மேல் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. படிப்பையும் யோக்கியதையையும் பார்க்க வேண்டிய இடத்தில் மயிரைப் பார்த்தவன் அல்லவா குற்றவாளி? இது வெறும் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. இயற்கையான தலைமயிரைக் காரணம் காட்டி வேலையில் பேதம் செய்யக்கூடாது என்பதாகக் கலிபோர்னியா மாகாணம் 2019-ல் தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்ததே!

நிற்க. இதற்கு முன்பே ஒரு சம்பவம். டெலிபோனில் பேசிய ஒருவன், அவள் பேச்சு அசல் அமெரிக்கப் பேச்சாகவே இருப்பதாய் மெச்சுகிறான். அவளும் வந்தனம் சொல்லிவிடுகிறாள். பிறகுதான் வெட்கம் பிடுங்குகிறது. அமெரிக்கக்காரி மாதிரிப் பேசுவது தனக்கு எப்படிப் புகழ்ச்சியாகும் என்று யோசிக்கிறாள். அதன்பின் அந்த வேஷப் பேச்சை விட்டொழிக்கிறாள்.

நாக்கு விடுதலையான பிறகும் தலை விடுதலையாக நாள் பிடித்தது. மயிரை ஒட்ட வெட்டிய புதிதில் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டவள், இணையத்தில் தன்னைப்போன்ற பெண்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லி எழுதுவதைப் படித்துப் படித்து, கடைசியில் கண்ணாடியில் தெரியும் தன் சுருள் மயிரையே நேசிக்கிறாள். இது கடவுள் அருளால் வரவில்லை. அப்போதிருந்த வெள்ளைக் காதலனின் ஆறுதலாலும் வரவில்லை. கேள்வி கேட்டதால் வந்தது. அதே துன்பம் பட்ட பெண்களின் கூட்டுறவால் வந்தது.

ஆகவே, "நீ பார்வைக்கு அவர்களைப் போலவே இருக்கிறாய்" என்று யாராவது உங்களைப் புகழ்ந்தால், பல்லைக் காட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏன், என்னைப் போல இருந்தால் என்ன கேவலம்?"

பதில் சொல்ல வேண்டியவன் அவன், நீங்களல்ல!