துரைமாரின் குடும்பச் செலவு

இந்திய சிவில் சர்வீஸின் பெருமையைப் பேசுவோர் இன்றும் நம்மிடையே உளர். 1922-ல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் அதனை எஃகுக் கூடென்று புகழ்ந்ததை அவர்கள் மறப்பதில்லை. அக்கூட்டைத் தாங்குவதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு அடுத்த வருஷமே லீ பிரபுவின் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் நியமனமாயிற்று. மகாயுத்தத்தால் விலைவாசி ஏறிவிட்டது, மணமான துரைக்குச் சம்பளம் போதவில்லை, ஆதலால் ஆங்கில வாலிபர் இந்தியாவுக்கு வரத் தயங்குகின்றனர் என்பது முறையீடு. இதில் உண்மை இல்லாமலில்லை. குழந்தைகள் சீமைப் பள்ளியில், தகப்பன் ஜில்லாவில், தாய் சிலகாலம் அங்கும் சிலகாலம் இங்குமாக அலைகிறாள். ஒரு சம்பளத்தில் இரண்டு குடித்தனம். பிரிவுத் துயரை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் போதாதென்ற அச்சம்பளம் எவ்வளவு? உத்தியோகத்தில் புதிதாய்ச் சேரும் இளைஞனுக்கே மாதம் 450 ரூபாய்; கடல் கடந்து வந்ததற்காக மேலும் 150.

கமிஷன் 1924-ல் வழங்கிய சலுகைகளைக் கேளுங்கள். உத்தியோகஸ்தருக்கும் மனைவிக்கும் சர்வீஸ் காலத்தில் நான்கு முறை சீமைக்குப் போய்வரக் கப்பல் கட்டணம். குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒருவழிக் கட்டணம். கடல்கடந்த படியை ரூபாய்க்கு 2 ஷில்லிங் வீதம் சீமைக்கு அனுப்பிக்கொள்ளவும் இடமளித்தார்கள். 1927-ல் சட்டமான விகிதமோ 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதன்படி 150 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டியது 11 பவுன் 5 ஷில்லிங். கிடைத்தது 15 பவுன். வித்தியாசமாகிய 50 ரூபாயும் மாதந்தோறும் நம் பொக்கிஷத்தினுடையது. அக்காலத்தில் ஓர் இந்தியனுடைய சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவென்று 1930-ல் காந்தியடிகள் வைஸ்ராய்க்கு எழுதினார்.

தமிழ்நாட்டில் பிறந்து வங்காளத்தில் உத்தியோகம் பார்த்தவனுக்கும் மனைவி மக்கள் உண்டல்லவா? அவனுக்குக் கப்பலுமில்லை, படியுமில்லை. ஆசியாவுக்குப் புறம்பானவர்களுக்கே அவை உரியனவாம்.

ஜனங்கள் இதற்கு 'லீ கொள்ளை' என்று பெயரிட்டார்கள். மோதிலால் நேருவின் முயற்சியால் இந்தியச் சட்டசபையும் நிராகரித்தது. பயனென்ன? இந்தியா மந்திரி பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டார். பணம் கொடுப்பவனுக்கு வேண்டாமென்று சொல்லும் உரிமையில்லை. சர்வீஸில் பாதி இந்தியராவதற்கு 15 வருஷம் பொறுக்கச் சொன்ன அதே அறிக்கை, கப்பல் கட்டணத்துக்கு அவ்வளவு பொறுமை காட்டவில்லை. சம்பளம் போதாத துரையை வருந்தி அழைக்க வேண்டிய அவசியமென்ன என்று கேட்பாருமில்லை.

கராச்சி காங்கிரஸ் 1931-ல் சர்க்கார் ஊழியர் சம்பளம் 500 ரூபாய்க்கு மேற்படலாகாதென்று தீர்மானித்தது. 1937-ல் சென்னையில் ராஜாஜியும் சகமந்திரிகளும் அத்தொகையையே சம்பளமாகப் பெற்றார்கள். அவர்கள் மேஜைக்குத் தஸ்தாவேஜுகளைக் கொண்டுவந்த காரியதரிசித் துரைமாரோ அதைப்போல் பன்மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.